பூர்ணிமாவின் போட்டோ திறக்காத விவரம்

கணபதி, கோவை.
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் லட்சுமணசாமி அவர்களுக்கு, கோபாலசாமி வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். பூர்ணிமா நலம், ஆனால் கோபமாக இருக்கிறாள். கோபிசெட்டிபாளையத்தில் தாங்கள் நலமாகவும், என்மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

"ஏனுங்க மாப்ள, பொண்ணு போட்டோ ஒண்ணு அனுப்பத் தெரியலீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சத்தம் போட்டீர்கள். விவரம் கேளுங்கள். போன வரனுக்குக் கொடுத்த போட்டோ பதினேழு வாட்ஸ்அப் குரூப் சுற்றி, கடைசியில் பூர்ணிமாவின் பிஎச்டி கைடுக்கே வந்து, "இந்தப் பொண்ணு உன்ற சாடையா இருக்குதே" என்று அவர் அவளிடமே காட்டியிருக்கிறார். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இனி என்ற போட்டோ பூட்டுப் போட்டுத்தானுங்கப்பா போகோணும். இல்லீனா கலியாணப் பேச்சே வேண்டாம்." அவள் படிப்பே படத்துக்குப் பூட்டுப் போடுகிற படிப்புதான். நானும் முப்பத்தெட்டு வருஷம் பம்ப் கம்பெனி ஸ்டோரில் சாவிக்கொத்து வைத்திருந்தவன். பூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேயாஸ் என்று ஒரு கணக்கு, படத்தின் புள்ளிகளையெல்லாம் வாரி இறைத்துவிடும். அப்படி இறைத்த படம் நூறு செய்து, தேறினதை ஜோடி சேர்த்து, பிறக்கிற குட்டிப் படங்களில் தேறினதை மறுபடி ஜோடி சேர்த்து, எதில் ஒன்றுமே பிடிபடவில்லையோ அதைத்தான் அனுப்புவாள். படத்துக்கெல்லாம் ஜோடி சேர்க்கிறவள், தனக்கென்றால் மட்டும் "பாக்கலாமுங்கப்பா" என்கிறாள். என்னத்தச் சொல்றது போங்க!

பூட்டிய படம் மாப்பிள்ளைப் பையன் நவநீத் போனுக்குப் போயிற்று. சாவி ஒரு நம்பர். அது போனில் போகவே கூடாது என்பது அவள் கட்டளை. ஆகவே தபாலில் நான் அனுப்பினேன். அவள் எழுதிக் கொடுத்தது 0.734182950. சம்பந்தி வீட்டுக்குப் போகிற முதல் காகிதம் சைபரில் முடியலாமா? மொய் எழுதினால்கூட நூற்றொன்று என்றுதானே எழுதுகிறோம்! நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கடைசிச் சைபரை ஒன்றாக்கிப்போட்டேன். அத்தனை தள்ளி நிற்கிற ஒன்று என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். "துளி மாறினாலும் மொத்தமும் மாறிப்போயிருமுங்கப்பா, அதுதான் கேயாஸே!" என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள். அங்கே சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து திறந்தால், ரவையைக் கொட்டின மாதிரி இருந்ததாம். "பொண்ணு மூஞ்சியில ஏதாச்சும் குறையுங்களா?" என்று பையனின் அம்மா உங்களிடம் கேட்டார்களாமே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். நான் செய்த தப்பு, பேர் என் பிள்ளைக்கு.

ஆனாலும் காரியம் கெட்டுவிடவில்லை, நான் இருக்கிறேன். சரியான நம்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்களே நேரில் போய், நவநீத் கையில் மட்டும் கொடுத்து, பெரியவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, படம் திறக்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கவும். அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
கோபாலசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் பூர்ணிமா வாங்கிப் படித்துவிட்டாள். "மாமாவ அலைய வெக்காதீங்கப்பா. நம்பர நான் ஞாயித்துக்கிழமையே குடுத்துட்டேன்" என்கிறாள். போனிலேயே கொடுத்தாளாம்; சட்டம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. படம் திறக்கவில்லை என்றதும் பையன் இவளையே கூப்பிட்டு, போட்டோவைப் பற்றிப் பேசாமல், இந்தப் பூட்டை எப்படிங்க செய்தீங்க என்று ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார். சரியான சாவி கைக்கு வந்தும் இன்னும் திறந்து பார்க்கவில்லையாம். வருகிற ஞாயிறு நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டுவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்து சேருங்கள். இவள் "வாங்க" என்று சொல்லிவிட்டாள் மச்சான், என்னைக் கேட்காமலே!