அம்மாவின் தோற்பைகளும் சோமசேகரத்தாரின் வருகைகளும்

சிவமயம்

மருதனார்மடம்,
கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த செவ்வாய்க்கிழமை.

என்றும் அன்புள்ள மகள் தர்சினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இலண்டன் மாநகரில் நீயும் மருமகனும் பேத்தி நிவேதனாவும் குளிருக்கு உரிய உடுப்பணிந்து, வெள்ளிக்கிழமைகளில் மறவாது விளக்கேற்றி, ஒரு குறையுமின்றி வாழப் பிள்ளையார் துணைநிற்பாராக. இங்கே நான் நலம். கிணற்றில் நீர் நலம். முருங்கை, காற்றில் ஒரு கிளையை இழந்தும் நலம். அம்மாவும் நலம், உள்ளதைச் சொன்னால், அவருடைய நலம் அளவு கடந்து நிற்பதாலேயே இக்கடிதம் எழுத நேர்ந்தது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசி அம்மாவின் கையில் இருக்கிறது. நான் பேசத் தொடங்கினால் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, "அப்பா கதைக்கிறார், கேள்" என்று கறிச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஆகவே பழைய வழியே பாதுகாப்பானது எனக் கொண்டேன்.

மகளே, குற்றத்தின் வேர் உன்னிடத்தில்தான் இருக்கிறது. ஆவணியில் நீ வந்தபோது வார் அறுந்து நிறம் வெளிறிய உன் தோற்பையை எறியச் சொல்லி வைத்துவிட்டுப் போனாய். அம்மா அதை எறியவில்லை. பழைய பைகளுக்கு உயிர் கொடுக்கும் ஏதோவொரு வெள்ளைக்காரப் பெண்மணியின் காணொளியைத் தொலைபேசியில் கண்டுபிடித்து, நாள்தோறும் பூசை பார்ப்பது போல் பார்த்தார். நீயும் பெட்டி நிறையச் சிறு போத்தல்கள், பஞ்சுத் துண்டுகள், தோலில் விழுந்த வெடிப்பை அடைக்கும் பசை என்று அனுப்பிவைத்தாய். முப்பத்தாறு ஆண்டுகள் நான் பாடக்குறிப்பு எழுதிய மேசை பின்விறாந்தைக்குப் போயிற்று. அதில் இப்போது பிரசாந்தி ரீச்சரின் கறுத்த பை, மரியநாயகி அக்காவின் பூசணம் பிடித்த பை, உடுவிலிலிருந்து வந்த பெயர் தெரியாத பை ஒன்று ஆகியன மல்லாந்து கிடக்கின்றன. முதலில் ஈரத்துணியால் அழுக்கெடுக்க வேண்டுமாம். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பழைய நிறத்தைத் துடைத்துத் தோலை வெறுந்தோலாக்க வேண்டுமாம். அதன்மேல் நிறத்தை மெல்லியதாக ஒரு தடவை, காய்ந்த பின் மறு தடவை, இப்படி நாலைந்து தடவை. கடைசியில் மேற்பூச்சு. இந்த மழைக்காலத்தில் ஒரு தடவை பூசியது காய இரண்டு நாள் எடுக்கிறது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேளாதே. ஒரே வீட்டில் இருப்பவனுக்குக் காதை மூடிக்கொள்ள முடியாது.

சுவாமி அறைக்கு ஒரு சுவர் தள்ளித் தோல் கிடக்கிறதே, இது முறையோ என்று அமைதியாகத்தான் கேட்டேன். அம்மா தலை நிமிராமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சிவபெருமான் இடுப்பிலை கட்டியிருக்கிறது என்ன, பருத்தி வேட்டியோ? கோயில் தவிலுக்கு என்ன போட்டு இழுத்துக் கட்டியிருக்கு எண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கோ." நாற்பது ஆண்டுகளாகக் கோயிலில் புராணப் பாட்டுகளுக்குப் பயன் சொல்பவன் நான். எந்தப் பாட்டுக்கும் மூன்று வகையாகப் பொருள் விரிப்பேன். இதற்கு ஒரு வகையும் வரவில்லை. ஆகவே, தோல் உரசும் வீட்டில் இனி என் வாயிலிருந்து திருவாக்கு ஒலிக்காது என்று சங்கற்பம் செய்துகொண்டேன். உனக்குத் தெரியும், ஞாயிறு கோயிலில் சொல்ல இருக்கும் பயனை நான் வெள்ளி, சனி மாலைகளில் அம்மாவுக்கு முன் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அவர் மரக்கறி வெட்டிக்கொண்டு, வேண்டிய இடங்களில் ஆமோதித்து "ஓம்" என்பார். அந்த "ஓம்" விழாத இடத்தைக் கோயிலில் சொல்லாமல் விட்டுவிடுவேன். அதை நிறுத்துகிறேன் என்றால் அவர் கலங்குவார் என்று எண்ணினேன். அம்மா, "சரி" என்றார். பஞ்சை எடுத்தார்.

இனித்தான் சோமசேகரத்தார் வருகிறார்.

புத்தூர்ச் சோமசேகரத்தாரை நீ கண்டிருப்பாய். நம் பிள்ளையார் கோயிற் படிப்பில் அவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், நான் பொருள் விரிப்பேன். நல்ல குரல். நல்ல குரல் மட்டுமே. எழுபத்தைந்து வயதிலும் மயிர் முழுக்க இருக்கிறது, அது வேறு கதை. அவருடைய மனைவி நாகேஸ்வரி சிவபதம் அடைந்து நாலாண்டாகிறது, அவர் படிப்பில் வாசிக்க வந்ததும் அதன் பிறகே. அந்த அம்மையாரின் தோற்பை ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு ஆறு கிழமைக்கு முன் வந்தார். அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல தோல் அண்ணை, காப்பாத்தலாம்" என்றார். அன்றிலிருந்து மனிதர் நாலு நாளுக்கு ஒருமுறை வருகிறார். பிடி தைத்தாயிற்றா என்று ஒரு வருகை, வெடிப்பு அடைத்தாயிற்றா என்று ஒரு வருகை. பிள்ளை பெற்ற வீட்டுக்குக்கூட இத்தனை முறை ஒருவர் வரமாட்டார். அவருக்குத் தேத்தண்ணி. தேத்தண்ணியோடு பனங்கட்டி. எனக்குச் சலரோகம், இனிப்பு ஆகாது என்று இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்த பனங்கட்டி.

அதோடு நின்றால் பொறுத்திருப்பேன். பசை இறுகும்வரை சும்மா இருப்பானேன், ஒரு பாட்டு வாசியுங்கோ அண்ணை என்று அம்மா கேட்டார். அவரும் தொண்டையைச் செருமினார். அந்த "அண்ணை" என்ற சொல்லை இவ்வளவு நீளமாகச் சொல்லலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் வீட்டு மண்டபத்தில் பத்திரிகையை விரித்து அதற்குப் பின்னால் இருந்தேன். அவர் ஓர் அடியைப் பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்தார். திருத்தம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சங்கற்பத்தை நினைந்து இருமினேன். அம்மா வேண்டியதற்கு அதிகமான சத்தத்தில், "இதுக்கு என்ன கருத்து அண்ணை?" என்று கேட்கிறார். அவர், "எனக்கு வாசிக்கத்தான் தெரியும் தங்கச்சி" என்கிறார். பிறகும் அடுத்த பாட்டு, அதற்கும் "என்ன கருத்து?" கருத்துத் தெரியாத ஒருவரிடம் ஒரு பெண் திரும்பத் திரும்பக் கருத்துக் கேட்பது எதற்காக? இதை அழுக்காறு என்று நினைத்துவிடாதே. அழுக்காற்றின் தீமையை முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அது என்னிடம் வந்தால் எனக்குத் தெரியாதா?

சென்ற வெள்ளிக்கிழமை காலை அம்மா மருதனார்மடச் சந்தைக்குப் போயிருந்தார். வீடு கழுவிய நாள், மஞ்சள் நீர் தெளிக்கும் கடமை என்னுடையது. செம்பில் மஞ்சளைக் கரைத்து, மாவிலைக் கொத்தால் சுவாமி அறை, மண்டபம், படலை என்று முறைப்படி தெளித்து, பின்விறாந்தைக்கும் வந்தேன். தோல் கிடக்கும் இடத்தில் சுத்தி சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதை எந்தச் சாத்திரமும் மறுக்காது. அந்த மேசைப் பக்கம் மாவிலை கொஞ்சம் தாராளமாக அசைந்தது. அங்கே நாகேஸ்வரி அம்மையாரின் பை, பழைய நிறமெல்லாம் துடைத்து, பிறந்த கன்றின் நிறத்தில் வெறுந்தோலாகக் கிடந்தது. வெறுந்தோல் நீரைக் குடிக்கும் என்று அம்மா பத்துத் தரம் சொல்லியிருக்கிறார். குடித்தது, மகளே. வெய்யிலில் வந்த மாடு குடிப்பது போலக் குடித்தது. முன்பக்கத்தில் ஏழு, மூடியில் மூன்று, பிடியில் ஒன்று.

துணியால் துடைத்தேன், பொட்டு அகலித்தது. சரி, கறை என்றால் சவர்க்காரம் என்று உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை எடுத்து உரசினேன். பார்த்துக்கொண்டிருக்க மஞ்சளெல்லாம் சிவப்பாகிறது. ஆராத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேரச் சிவப்பதை ஆயிரம் முறை கண்டவன்தான் நான். ஆனால் அதைக் கரைப்பது எப்போதும் அம்மா. மஞ்சள் பட்ட துணிக்குச் சவர்க்காரம் போட்டால் இந்தக் கதிதான் என்று, வாழ்நாளில் ஒரு வேட்டியைத் தானாகத் தோய்த்திராத நான் எப்படி அறிவேன்? நடுவில் குங்குமச் சிவப்பு, சுற்றிவர மஞ்சள். பதினொரு பொட்டு. படலை திறந்தது. அம்மா சந்தைப் பையோடு வருகிறார், பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு சோமசேகரத்தார் வருகிறார். நான் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முருங்கையைப் பார்த்தேன்.

சண்டை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்தால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், இனி வரமாட்டார் என்று, ஒளிப்பானேன், ஓரத்தில் ஒரு சந்தோசமும் இருந்தது. மனிதர் பையைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே கதிரையில் இருந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிகிறது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்டர், இந்தப் பை முப்பத்தெட்டு வருசம் கோயில் வாசல்லையே நிண்டது. தோல் எண்டு நாகேஸ் உள்ளுக்குக் கொண்டு போகமாட்டா. அவ உள்ளுக்குப் போவா, நான் பையோடை வெளியிலை நிப்பன். உள்ளை படிக்கிற பாட்டை அங்கை நிண்டுதான் பாடமாக்கினனான். இண்டைக்குத்தான் இதுக்கு மஞ்சளும் குங்குமமும் கிடைச்சிருக்கு." பிறகு அம்மாவிடம், "தங்கச்சி, இதுக்கு மேலை நிறம் பூசாதையுங்கோ. இப்பிடியே விடுங்கோ" என்றார். அம்மா பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேத்தண்ணி போடப் போனார்.

விளைவைக் கேள். சோமசேகரத்தார் ஞாயிறன்று கோயிலில் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே குரல் தழுதழுக்க வாசித்தார். பெண்கள் அழுதார்கள். அடுத்து நான் பயன் சொன்னபோது இரண்டு பேர் தொலைபேசியைப் பார்த்தார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். படிப்பு முடிந்ததும் எல்லாரும் வாசலில் பையைச் சுற்றி நின்றார்கள். கோயிற் சபைத் தலைவர் என்னிடம் வந்து, இந்த அற்புதத்துக்கு அடுத்த கிழமை ஒரு பயன் சொல்லவேண்டும் மாஸ்டர் என்று கேட்கிறார். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். திங்களன்று எட்டுப் பைகள் வந்து இறங்கின. புத்தூரிலிருந்தும் கோப்பாயிலிருந்தும் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர் யார்? அவரேதான். முன்பு நாலு நாளுக்கு ஒருமுறை வந்தவர் இப்போது தினமும் வரத் தொடங்கிவிட்டார். அவரை விரட்டப் போய் நானே அவருக்கு வழி வெட்டிக் கொடுத்தேன்.

ஆகவே மகளே, இக்கடிதத்தின் நோக்கம் இதுதான். இனி நிறப் போத்தல் ஒன்றும் அனுப்பாதே. அந்தக் கம்பனி மூடிவிட்டது என்றோ, தபாலில் தடை என்றோ, பொய்யாகாத ஏதாவதொன்றைச் சொல். போத்தல் முடிந்தால் பைகள் வராது, பைகள் வராவிட்டால் அவர் வரமாட்டார். அம்மா மரக்கறியோடு வந்து என் முன்னால் இருப்பார். வேறொன்றும் நான் கேட்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு வேண்டியது, தான் சொல்வதற்கு "ஓம்" என்று சொல்ல ஒரு வாய். அது இப்போது அடுத்த வீட்டுக் குரலுக்கு அல்ல, அடுத்த ஊர்க் குரலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மருமகனுக்கு என் ஆசி. நிவேதனாவுக்கு இரு கன்னத்திலும் முத்தம். பிள்ளை திருநீறு பூசிப் பள்ளிக்கூடம் போவதை விடாதிருக்கச் சொல். பொன்னும் பொறையும் குறைவின்றிப் பெருகி வாழ்வீர்களாக.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் அப்பா,
ந. நமசிவாயம்.

பிற்குறிப்பு: முத்திரை அம்மாவின் கைப்பையில் இருக்கிறது என்பதைக் கடிதத்தை முடித்த பின்பே உணர்ந்தேன். கேட்டேன். "ஆருக்குக் கடிதம்?" என்று வாங்கியவர், நின்ற நிலையில் முழுவதையும் வாசித்துவிட்டார். மூன்றாம் பக்க ஓரத்தில் இருக்கும் கபில நிறக் கைரேகை அவருடையது.

மஞ்சள் என் விரலில் மூன்று நாள் இருந்ததாம். அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். சோமசேகரத்தாருக்குச் சொல்லப்போகிறாயோ என்று கேட்டேன். "முப்பத்தெட்டு வருசம் வாசல்லை நிண்ட பைக்கு மஞ்சளும் குங்குமமும் வச்சு, அந்த மனிசன்ரை மனசைக் குளிர வச்சிருக்கிறியள். நாப்பது வருசம் பயன் சொல்லியும் நீங்கள் இப்பிடி ஒண்டு செய்யேல்லை. நான் ஏன் அதைக் கெடுக்கப் போறன்?" என்றார். பிறகு பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"பாட்டுக் கேக்கிற ஆசையிலை சோமண்ணையைப் பிடிச்சு வச்சிருந்தன் எண்டு நினைச்சியளோ? ஒரு பாட்டை வாசிச்சுப்போட்டுக் கருத்துச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. பொறுக்கேலாமல் எழும்பி வந்து சொல்லுவியள் எண்டுதான் ஆறு கிழமையாக் கத்திக் கத்திக் கேட்டனான். பத்திரிகைக்குப் பின்னாலை இருந்து இருமினியளே தவிர, வாய் திறந்தியளோ?"

ஆகவே மேலே கேட்டதை மறந்துவிடு. கபிலம் இரண்டு போத்தல், அரக்கு ஒன்று, மேற்பூச்சு பெரிய போத்தலில் ஒன்று அனுப்பவும். சங்கற்பத்துக்குப் பரிகாரம் உண்டு, பார்த்துக்கொள்கிறேன். இன்று பின்னேரம் சோமசேகரத்தார் வருகிறார். அவர் ஒரு பாட்டு வாசிக்க, நான் இரண்டு மணித்தியாலம் பயன் சொல்வதாக உத்தேசம். இரண்டாவது பாட்டுக்கு நேரம் இருக்காது.