விசில் மாஸ்டர் பழக்கிய தெரு

நாய் பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நாயைத் தவிர மற்ற எல்லோரையும் பழக்கிவிட்ட ஒரே மனிதர் ஆரணியில் எங்கள் விசில் மாஸ்டர்தான்.

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் பெயர் என்ன என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரரே ‘விசில் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற அன்று மாலையையும் சால்வையையும் பள்ளியிலேயே மறந்துவிட்டு, விசிலை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். அரசு உடைமையை ஒப்படைக்காமல் எடுத்துப் போவது எந்த விதிக்கு முரணானது என்று எனக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த விசிலாலேயே பதில் சொல்லியிருப்பார்.

என் மனைவி ஒருநாள் கோணிப்பையில் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தாள். பழுப்பு நிறம், உருண்டை உடம்பு. போண்டா என்று பெயரும் வைத்தாள். என்னிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே மாஸ்டர் வாசலில் நின்றார்.

“எத்தினி மாசம்?”

“மூணு முடிஞ்சிருக்கும்.”

“ஊசி போட்டாச்சா?”

“யாருக்கு?”

“குட்டிக்குத்தான் சார். உங்கள அப்பாலிக்கா பாத்துக்கலாம்.”

“அடுத்த மாசம் போடலாம்னு இருக்கோம்.”

“வெறிநோய் உங்க அடுத்த மாசத்துக்காக காத்துகினு இருக்குமா? பூச்சி மருந்தாவது குடுத்தீங்களா?”

நாய் வளர்க்க நகராட்சியில் எப்படி மனுச் செய்ய வேண்டும், அதோடு எவற்றை இணைக்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விசில் அடித்தார். கலெக்டர்கள்கூட என் பேச்சைப் பாதியில் நிறுத்தியதில்லை. என் மனைவிக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஊசி விஷயத்தில் அவருக்கு நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. பட்டுக்கடை முதலாளி ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தட்டில் பத்திரிகை வைத்து நீட்டினார். மாஸ்டர் கையை நீட்டவே இல்லை. “உங்க ராக்கிக்கு இந்த வருஷ ஊசி போட்டீங்களா மொதலாளி?” முதலாளி திரும்பிப் போய், ராக்கியைக் காரில் ஏற்றி, ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுபடி தட்டை நீட்டினார். “இப்ப குடுங்க. பொண்ணு நல்லா இருக்கும்.”

வகுப்பு, காலையில் கோட்டை மைதானத்தில். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன் மேல் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் உப்பில்லாமல் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை. நாயை அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. கத்தினால், கத்தியவர் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஒருநாள் வங்கி மானேஜரை அவருடைய லாப்ரடார் இழுத்துக்கொண்டு போனது.

“நாய் உங்கள இழுக்கல சார். நீங்கதான் அது பின்னாடி போயிகினு இருக்கீங்க. நில்லுங்க. மரம் மாதிரி நில்லுங்க.”

மானேஜர் மரமானார். நாய் திரும்பிப் பார்த்தது, யோசித்தது, வந்து காலடியில் நின்றது. மாஸ்டர் நாய்க்கு ஒரு கடலை கொடுத்தார். மானேஜருக்கும் ஒரு கடலை கொடுத்தார். “வெரி குட்.” அதைத் தின்றபோது மானேஜர் முகத்தில் தெரிந்த பூரிப்பு, பதவி உயர்வு வந்த அன்றுகூட வந்திருக்காது.

எனக்கு மட்டும் அவர் ஒரு கடலைகூடக் கொடுத்ததில்லை. “நீங்க ரூல் பேசறீங்க சார். நாய்க்கு ரூல் புரியாது” என்றுவிடுவார்.

அவர் பாடங்களில் தலையானது ‘விடு’. நீளமாக ஒரு விசில், பிறகு “விடு!” என்று ஒரு குரல். செருப்போ, எலும்போ, பக்கத்து வீட்டுக் கோழியோ, வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு நாய் உட்கார வேண்டும். வளர்ப்பவர்கள் முதலில் செய்துகாட்டினால்தான் நாய் கற்றுக்கொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே பட்டு வியாபாரிகள், நெசவாளர்கள், மானேஜர், நான் என்று எல்லோரும் தினமும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தோம். நாய்கள் நின்றபடி எங்களை வேடிக்கை பார்த்தன.

அவருடைய சொந்த நாயின் பெயர் கமாண்டர். அது எந்த விசிலுக்கும் உட்கார்ந்ததில்லை. கேட்டால், “அது ரிட்டையர்டு சார்” என்பார்.

போண்டா வளர்ந்தான். பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் தறிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பது அவனுக்கு வழக்கம். சென்ற ஆண்டு ஒரு காலை, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினான். சுருண்டு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வாலுக்கடியில் பளபளவென்று ஓர் இழை தொங்கியது.

ஏகாம்பரம் வந்து ஒரே பார்வையில் அடையாளம் சொன்னார். “இன்னா சார் இது, நம்ம தறி நூலு. அரக்குக் கலரு. நேத்து கழிவு நூல் கூடைய கவுத்துட்டான், அப்ப முழுங்கிட்டான் போல.”

தெரு கூடிவிட்டது. ஒருவர் நூலை நனைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். ஏகாம்பரம் எல்லோரையும் கையமர்த்தினார். “பேஜார் பண்ணாதீங்கபா. சிக்கெடுத்து சிக்கெடுத்தே காய்ச்சுப்போன கை இது. நைஸா இழுத்தா வந்துகினே இருக்கும்.”

நாலு தலைமுறையாக நூலோடு வாழும் தெரு. ஓர் இழையை இழுப்பது எப்படி என்று இவர்களுக்கு யார் சொல்லித்தர முடியும்? ஏகாம்பரம் இழையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். போண்டா முனகினான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, “பாத்துப்பா ஏகாம்பரம்” என்றாள்.

தெருமுனையிலிருந்து நீளமாக ஒரு விசில்.

“விடு!”

ஏகாம்பரத்தின் விரல்கள் விரிந்தன. இழை நழுவியது. அவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். விளக்கெண்ணெய்க்காரர் கிண்ணத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன் என்பது எழுந்தபோதுதான் தெரிந்தது. தெருவில் நின்றுகொண்டிருந்தது கமாண்டர் மட்டும்தான்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இழுத்தியா?”

“இல்ல மாஸ்டர். சுத்தனேன், அவ்ளோதான்.”

“பட்டு அறுமாடா?”

“எங்க அறும்?”

“இன்னொரு முனை உள்ள எங்கியோ மாட்டிகினு இருக்கும். குடலு அதும்மேல பொடவ கொசுவம் மாதிரி சுருங்கிக் கெடக்கும். நீ இழுத்தா பட்டு அறாது. வேற எது அறும், சொல்லு?”

ஏகாம்பரம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சோறு, தண்ணி, எண்ணெ ஒண்ணும் குடுக்காதீங்க. ஜல்தி, டாக்டராண்ட போலாம்.”

உள்ளூர் கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், வேலூர் போய்விடுங்கள் என்று சொல்லி, அங்கே போனிலும் தெரிவித்தார். மானேஜர் காரை எடுத்தார். பின்சீட்டில் நானும் மாஸ்டரும். போண்டாவின் தலை மாஸ்டர் மடியில். கண்ணமங்கலத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்று வழியை அடைத்தது. மாஸ்டர் விசிலை உதட்டில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது.

மருத்துவமனையில் போண்டாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருந்த அறிவிப்புகளையெல்லாம் படித்தேன். ‘இங்கு ஓசை எழுப்பக் கூடாது’ என்பதை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாஸ்டர் கதவருகே அட்டென்ஷனில் நின்றார்.

“உக்காருங்க மாஸ்டர்.”

“பரவால்ல சார். நின்னே பழக்கம்.”

மானேஜர் சொல்லிப் பார்த்தார். ஒரு நர்ஸ் நாற்காலியே கொண்டுவந்து போட்டார். மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். “குடல் எங்கேயும் கிழியல. பிழைச்சுக்குவான். யாரும் நூலை இழுக்காம கொண்டுவந்தீங்களே, யார் சொன்னது உங்களுக்கு?”

நான் கையைக் காட்டினேன். பெருமையடித்துக்கொள்ளக் கிடைத்த இப்படியொரு வாய்ப்பை மாஸ்டர் விட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் போன பிறகும் அட்டென்ஷன் கலையவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. அதுவும் அட்டென்ஷனில்.

நான் எழுந்து போனேன். அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, சுவரில் இருந்த அறிவிப்புக்கு நேர் எதிரே நின்று, நீளமாக ஒரு முறை ஊதினேன்.

“விடு.”

மாஸ்டர் உட்கார்ந்தார்.

அவர் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு கடலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “வெரி குட்.”

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகத்தால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை என் பக்கம் நீட்டினார்.

“நீங்களும் வெரி குட்தான் சார்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தின்றேன். ஆரணிக் கடலைக்கு இத்தனை ருசி உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.