ஹிஸ்பானிக்கின் வேரும் அம்சாவின் கல்யாணமும்

வேர்ச்சொல் வேட்டைக்காரர் என்றொரு இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். காப்பி கொடுத்தால் குடிக்க மாட்டார். தூக்கத்திலிருந்து நம்மைக் காப்பதால் அது காப்பி என்று, ஆறி ஆடை கட்டும்வரை விளக்குவார். தபால், சன்னல், அலமாரி, எது கையில் அகப்பட்டாலும் இரண்டாக ஒடித்து, உள்ளே தமிழைக் காட்டி, மறுபடி ஒட்டிக் கொடுத்துவிடுவார். கேட்டவர் தலையாட்டினால் ஆமோதிக்கிறார். எழுந்து ஓடினால்? பொறாமை!

விழுப்புரம் ஆரம்பப் பள்ளி வாத்தியார் சுப்பராயலு இந்த இனத்தில் முதல் தரம்.

முப்பத்தேழாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மகள் அம்சாவின் சம்பந்தத்தை உறுதிசெய்ய, மனைவி லட்சுமியம்மாளோடு காலை ரயிலில் திண்டிவனம் போனார். மாப்பிள்ளையின் தகப்பனார் பாண்டுரங்கன், மல்லாட்டை (நிலக்கடலை) மண்டிக்காரர். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஒன்பதரைக்கே எல்லோரும் பாயில் உட்கார்ந்தாகிவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, சும்மா இருப்பானேன் என்று பாண்டுரங்கன் இங்கிலீஷ் பேப்பரை நீட்டினார்.

“ஸ்பெயின்ல ஏதோ சண்டையாம். நடுவுல ஹிஸ்பானிக்னு போட்டிருக்கான். இன்னாங்க அது?”

லட்சுமியம்மாள் கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். பயனில்லை.

“இசை, பாணி! இசைப்பாணி!” என்று ஆரம்பித்தார் சுப்பராயலு. நம் பாணர்கள் யாழோடு கப்பலேறினார்கள். புயலில் திசை தப்பினார்கள். கரை ஒதுங்கிய நாட்டில் பாடினார்கள். கேட்ட ஜனங்கள் நாட்டுக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். முன்னால் ஹகரம் எப்படி முளைத்தது என்றால், கடற்காற்றில் மூச்சு வாங்கியதால். கப்பல் மேற்கே போகப் போகக் கடிகார முள்ளும் போயிற்று.

மண்டியில் எடை போடும் ராயப்பன் சாவி வாங்க வந்தவர், வாசற்படியில் நின்று கேட்டார். முன்பு புதுச்சேரியில் ஒரு பாதிரியாரிடம் சமையல்காரராக இருந்தவர் அவர்.

“தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. ரோமாபுரிக்காரங்க ஸ்பெயினை ஹிஸ்பானியான்னாங்களாம். அந்த நாட்டைச் சேர்ந்தது எதுவோ, அது ஹிஸ்பானிக். அதுக்கும் முன்ன, கடலோடிங்க அங்க முயலுங்களைப் பாத்துட்டு வெச்ச பேருன்னு சிலபேரு சொல்றாங்களாம். அது நிச்சயமில்லைன்னு எங்க சாமியாரு சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?” சுப்பராயலுவின் குரல் உயர்ந்தது.

“முயல் கறி ஆக்கிக்கினு இருந்தேங்க. அப்ப.”

உள்ளே யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. சுப்பராயலு மறுக்க வாயெடுத்தபோது கடிகாரம் பத்தரை அடித்தது. பாண்டுரங்கன் தட்டைத் துணியால் மூடினார்.

“ராவுகாலம் பொறந்துடுச்சுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கலாம். நடுவுல செய்யாறுலேர்ந்தும் ஒரு ஜாதகம் வருது.”

திரும்பும் ரயிலில் மயிலம் தாண்டியதும் லட்சுமியம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள்: “அம்சா வாசல்லியே நின்னுக்கினு இருப்பா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க.”

பாணர்களையும் கப்பலையும் சன்னல் வழியே வீசிவிடலாம் போலிருந்தது அவருக்கு. முயல் கறி ஆக்கியவருக்குத் தெரிந்தது, முப்பது வருஷம் வேர் தோண்டியவனுக்குத் தெரியவில்லை. தோண்டின பள்ளத்தில் விழுந்தது யார்? மகள்.

எல்லாவற்றையும் கேட்டு அம்சா அழவில்லை. “ஏம்ப்பா, தெரியாதுன்னு சொன்னா வாய் வலிக்குமா?” என்றாள்.

வலித்தது. ஒரு வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ‘தெரியாது’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினார். பிள்ளைகளுக்கு வாத்தியார் மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளி. செய்யாறு ஜாதகம் பொருந்தவில்லை. பாண்டுரங்கன் வேண்டுமென்றே கேட்டார்: “ஏங்க, சம்பந்தின்ற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?”

சுப்பராயலுவின் நெற்றி வேர்த்தது. மூன்று பதில்கள் தொண்டைவரை வந்து முட்டின. லட்சுமியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“தெரியாதுங்க.”

“அப்ப நீங்கதான் என் சம்பந்தி!” என்று பாண்டுரங்கன் தட்டை நீட்டினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தக் கேள்வியைப் படித்தபோது உங்கள் நாக்கு நுனியிலும் ஒரு பதில் வந்து நின்றதே, அதை மெதுவாக விழுங்கிவிடுங்கள். எனக்கு இரண்டு வந்தன, எழுதி அடித்துவிட்டேன். எனக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.