மணிமேகலை மதுரைக்குப் போகக்கூடாது

எங்கள் மகள் மணிமேகலை மதுரைக்குப் போகக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன். வீட்டில் முடிவெடுப்பது நான்தான். எடுத்த முடிவை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதும் நான்தான். ஏனென்றால் அதே வீட்டில் என் மனைவி மகாதேவியும் இருக்கிறாள்.

மணிமேகலை பதினோராம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் அவள் வந்து நின்றாலே எங்கள் மலைக்கிராமம் கவுஞ்சியே சிரிக்கும். தாசில்தார் வேடம் கட்டி அவள் போட்ட அதட்டலில், முன்வரிசையில் இருந்த தலையாரி எழுந்து நின்றுவிட்டார். கோடை விடுமுறையில் இவளை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று டீச்சர் சொன்னார். இரண்டு இடம் இருந்தது. ஒன்று கொடைக்கானலில், ஒரு வாரம். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். இன்னொன்று மதுரைக்குப் பக்கத்தில். விடுமுறை முழுக்க அங்கேயே தங்க வேண்டும்.

நான் கொடைக்கானல் கட்சி. காரணம் கேட்டவர்களிடம் மதுரை வெயில், மதுரைக் கொசு என்று அடுக்கினேன். உள்ளே இருந்த காரணம் வேறு. மூத்தவன் ஞானவேல் போன வருசம் எங்கள் தோட்டத்துப் பூண்டு மூட்டை ஏற்றிய வண்டியில் மலையிறங்கிப் போனான். வண்டி வளைவில் கவிழ்ந்தது. மலையிறங்கிப் போகிற பிள்ளை திரும்பி வரும் என்ற நம்பிக்கை அன்றோடு எனக்குப் போய்விட்டது. அவன் காரியத்தில்கூட நான் அழவில்லை. நான் அழுதால் மகாதேவியை யார் தேற்றுவது? அதன்பிறகு வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை.

மதுரையில் சேர ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். ஒரு துக்கத்தைப் பேச்சே இல்லாமல் நடித்துக் காட்ட வேண்டும். கேட்டதும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இவளுக்குச் சிரிக்க வைக்கத்தானே தெரியும்? பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"தேர்வாயிட்டா மதுரைக்கே போகட்டும். ஆகலைன்னா கொடைக்கானல்தான்."

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் மகாதேவி.

"ஆம்பளைப் பேச்சு."

உடனே சரி என்றாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் சமையலறையில் ஒத்திகை பார்த்தார்கள். நான் தலையைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. துக்கத்துக்கு இதுதான் ஒத்திகை என்றால் கொடைக்கானல் உறுதி என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

தேர்வு நாளில் பெற்றவர்களையும் உள்ளே உட்கார வைத்தார்கள். மணிமேகலை மேடைக்கு வந்தாள். தோளில் துண்டு. காலை இழுத்து இழுத்து ஒரு நடை. அது என் நடை. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கீழே உட்கார்ந்து, இல்லாத தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நாலு தட்டு. மூன்றில் சோறு போட்டு, நாலாவதிலும் போட்டாள். கை அப்படியே நின்றது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சோற்றைத் தன் தட்டில் கவிழ்த்து, தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகத் தின்றாள்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு போடுவது நான்தான். எத்தனையோ ராத்திரி அப்படிச் செய்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது. என் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு வருசத்து அழுகை. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. மகாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். நீங்க வாய்விட்டு அழணுமேன்னு ஒரு வருசமாக் காத்துக் கெடக்கேங்க," என்றாள்.

மணிமேகலை தேர்வானாள். என் திட்டம் பூண்டோடு போயிற்று.

திரும்புகிற பஸ்ஸில் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். அவள் இல்லாத வீட்டில் நீ எப்படி இருப்பாய் என்று மகாதேவியைக் கேட்டேன்.

"நான் எங்க வீட்டுல இருக்கப் போறேன்? அங்க பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் தேடுறாக. வாரேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப நான்?"

"தோட்டத்தைப் பாத்துக்கிடச் சொல்லி உங்க தம்பிகிட்டப் பேசியாச்சு. உங்களுக்கு அங்க வெங்காயம் உரிக்கிற சோலி. எம்புட்டு அழுதாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக."

இப்போது மதுரைப் பக்கம்தான் இருக்கிறேன். இன்றைக்குச் சாம்பார். சின்ன வெங்காயம், ஒரு கூடை.