நானூற்று எண்பது சொற்களும் ஏழு 'எவெத்'தும்

சென்ற வருடம் மே மாதம் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. லண்டன் மோர்டனில் நல்ல வெயில். வானத்தில் மேகங்கள் மூன்று. அந்த நிமிடத்தில்தான் நெஜ்தெத் என்ற துருக்கிக்காரர் கோட்டும் சூட்டுமாக என் வீட்டு மணியை அடித்தார்.

அவருடைய ஒரே மகன் எம்ரேயை என் மகள் ஆரணி கட்டுவதாக இருந்தது. ஆனால் நெஜ்தெத் இன்னும் சம்மதிக்கவில்லை. மனைவியை இழந்தவர், மகனும் பாஷை புரியாத ஒரு வீட்டுக்குள் போய்த் தொலைந்துவிடுவான் என்று பயந்தார். அதனால் எங்களைப் பார்க்க இஸ்மீரிலிருந்து வந்திருந்தார். அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று எம்ரே சொல்லிவிட்டான். ஆக, எல்லாம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் தொங்கியது.

ஆரணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, ப்ளீஸ், சிரிச்சுக்கொண்டு மட்டும் இருங்கோ. அவருக்கு இங்கிலிஷ் வராது. நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பதை எழுபத்து நாலு வருடங்களில் நான் ஒருமுறையும் வாய் திறந்து சொன்னதில்லை. கணிதம் படித்தவன். (படித்துவிட்டு லண்டன் கார் பார்க் ஒன்றில் இருபத்தாறு வருடம் கார் எண்ணினேன். கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை.)

நெஜ்தெத் முப்பத்தொரு வருடம் கழிவுநீர்ப் பொறியியலாளராக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். அது போதும். இணையத்தில் துழாவி, சுற்றாடல் கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றைப் பிடித்தேன். துருக்கியிலும் ஆங்கிலத்திலும், விளக்கங்களோடு, நானூற்று எண்பது சொற்கள். நூலகத்தில் அச்செடுத்தபோது அறுபத்து நாலு பக்கங்கள் வந்தன. விருந்துக்கு இருபத்து நாலு நாட்கள் இருந்தன. நாளுக்கு இருபது சொல். வாய்ப்பாடு பாடமாக்கிய மூளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? துருக்கி விளக்கங்களையும் கமா பிசகாமல் விழுங்கினேன்.

என் மனைவி மனோ வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசனிட்ட 'சாப்பிடுங்கோ' எண்டு சொல்லத் தெரியுமோ?"

"அது பட்டியலில இல்லை."

"'இருங்கோ' எண்டு?"

"அதுவும் இல்லை."

"பின்ன என்னதான் கிடக்கு?"

"பாலைவனமாதல் கிடக்கு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். (வெங்காயத்துக்குத்தான் கண் கலங்கியது என்று அப்போது நினைத்தேன்.)

சரி, அந்த ஞாயிறுக்கு வருவோம். மனோவுக்கு உதவ ஆரணியும் எம்ரேயும் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். முன்னறையில் நானும் நெஜ்தெத்தும் மட்டும். நாலு நிமிடம் சிரித்தேன். தாடை வலித்தது. ஐந்தாவது நிமிடம், "அத்தக் சு," என்றேன். கழிவுநீர். கையோடு விளக்கத்தையும் ஒப்புவித்தேன்: வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுத்தப்பட்டபின் வெளியேற்றப்படும் நீர்.

அந்த மனிதரின் முகம் பூத்ததைப் பார்த்திருக்க வேண்டும். கதிரையை இழுத்து என் முழங்காலோடு முட்டப் போட்டார். பிறகு மடை திறந்தது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நிறுத்தச் சொல்லும் சொல்லும் என் பட்டியலில் இல்லை.

உடனே ஒரு முறை வகுத்தேன். அவர் குரல் கடைசியில் உயர்ந்தால் அது கேள்வி, 'எவெத்' என்றுவிடுவது. துருக்கியில் 'ஓம்' என்று அர்த்தம். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், ஒரு கலைச்சொல்லை விளக்கத்தோடு எடுத்து விடுவது.

ஏழு எவெத் சொன்னேன். ஒருமுறை அவர் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு காத்திருந்தார்; உயிரினப் பல்வகைமையை விட்டேன். இன்னொருமுறை விரலைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தார், ஒலி மாசு. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரல் இறங்கியது. யன்னலைப் பார்த்து மெதுவாகப் பேசினார். பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்து என் வாயில் வந்தது 'அரத்மா சாமுரு'.

பதினொரு விநாடி என்னையே பார்த்தார். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார்.

இரண்டு நிமிடத்தில் ஆரணி வந்தாள். பின்னால் எம்ரே, முகம் வெளிறி. கரண்டியோடு மனோ.

"அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? கலியாணத்தை இஸ்மீரில வைப்பமோ எண்டு கேட்டவராம். ஓம் எண்டியளாம்."

"அப்பிடியே?"

"உங்கட பக்கத்தில ஆர் ஆர் வருவினம் எண்டு கேட்க, 'ஒரு பிரதேசத்தில் வாழும் அனைத்து உயிரினங்களும்' எண்டியளாம்."

"ஐயோ," என்றாள் மனோ. "ஃபாரஸ்ட் கேட் ஆக்களுமோ?" (என் தம்பி குடும்பம். பத்தொன்பது பேர். ஆறு வருடமாகப் பேச்சில்லை.)

"பாட்டுக்கோஷ்டி பிடிப்பமோ எண்டு கேட்க, 'உடல்நலத்தைக் கெடுக்கும் தேவையற்ற ஓசை' எண்டியளாம்."

"அதுக்குச் சிரிச்சவர்தானே, பிள்ளை?"

ஆரணி எம்ரேயைத் திரும்பிப் பார்த்தாள். "கடைசியா, எம்ரேட அம்மா எப்பிடிச் செத்தவ எண்டு சொன்னவர். நீங்கள் 'சுத்திகரிப்புக்குப் பின் அடியில் தங்கும் சேறு' எண்டியள்."

மணிக்கூடு ஓடும் சத்தம் கேட்டது. ஒரேயொருமுறை என்னால் அதை எண்ண முடியவில்லை. மகளின் கல்யாணத்தை, கெட்டிக்காரத்தனத்தால், அப்பழுக்கில்லாத உச்சரிப்போடு புதைத்துவிட்டேன். இருபத்து நாலு நாள் உழைத்து.

அப்போது நெஜ்தெத் அடுப்படி வாசலில் நின்று நீளமாக ஏதோ சொன்னார். எம்ரே ஆரணியின் காதில் சொன்னான். ஆரணி என்னைப் பார்த்தாள்.

"மனுசி போன நாளிலயிருந்து கண்டவை எல்லாரும் பாவம் எண்டுதானாம் சொல்லினம். அழப்போற நேரம் பார்த்து வேலைக் கதைக்குத் திருப்பிவிட்ட முதல் ஆள் நீங்கள்தானாம். இந்த வீட்டில தன்ர மகன் தொலைய மாட்டானாம். அவருக்கு ஓமாம்."

எனக்குக் குற்ற உணர்வு தாங்கவில்லை. "பிள்ளை, எனக்குத் துருக்கி தெரி—"

"வாயைத் திறந்தியள் எண்டால் தெரியும்," என்றாள் மனோ, கரண்டியை உயர்த்தி.

வாழ்நாளில் முதல்முறையாகத் 'தெரியாது' என்று சொல்ல வந்தேன். விடவில்லை.

இஸ்மீரில் கல்யாணம் நடந்தது. உயிரினங்கள் அறுபத்தொன்று வந்தன. கூப்பிட்டவன்தான் டிக்கெட்டும் போட வேண்டும் என்று ஃபாரஸ்ட் கேட் தீர்ப்பளித்தது. நெஜ்தெத் இன்றுவரை ஞாயிறுதோறும் போன் எடுத்து ஐம்பது நிமிடம் பேசுகிறார். நான் எவெத் போடுகிறேன். போனை வைத்ததும் மனோ கேட்பாள்: "இந்தக் கிழமை எதுக்கு ஓம் எண்டியள்?" எனக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் வீட்டில் யாராவது கண் கலங்கினால் எம்ரே தமிழில், "மாமா, சேறு!" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், என்னைத் தவிர.

கல்யாணச் செலவெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டு தரம். பதினெண்ணாயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு பவுண். அதில் பட்டியல் அச்செடுத்த செலவு ஒன்பது பவுண் அறுபது பென்ஸ்.