பெப்பர்மின்ட் பாதுகாப்புச் சபை

மனித குலம் இன்றுவரை அழியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், எதைச் செய்வதற்கு முன்னும் யாராவது ஒரு கூட்டம் வைப்பதுதான். கடலோர ஊரான ஆலங்குடாவில் இந்த உண்மையை உணர்ந்த ஒரே மனிதர் முபாறக். கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் 'பாதுகாப்பு அதிகாரி'யாக இருந்துவிட்டு வந்தவர். மஞ்சள் தலைக்கவசத்தை மட்டும் அங்கே விட்டுவர மனம் வரவில்லை.

அன்று அவருடைய மனைவி கமீலாவுக்குத் தலையிடி. பள்ளிக்கூட விடுமுறைக்கென்று மதுரங்குளியிலிருந்து முபாறக்கின் தம்பி நஸீம் குடும்பத்தோடு வந்திருந்தான். அவர்கள் கடலில் குளிப்பதும் கமீலா சமைப்பதைச் சாப்பிடுவதுமாக இருந்தார்கள். விடிந்ததிலிருந்து ரொட்டி சுட்டு, மீன் பொரித்து, அவளுக்கு நெற்றி தெறித்தது. பெப்பர்மின்ட் எண்ணெய்ப் போத்தலையும் வாசனை ஆவி விடும் சின்ன மெஷினையும் எடுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடக்கலாம் என்பதுதான் அவளுடைய அற்ப ஆசை.

"நில்லு கமீலா!" தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முபாறக் ஓடிவந்தார். "ஆபத்து மதிப்பீடு செஞ்சியா?"

"தலையிடிக்கிதுங்க. தண்ணியில நாலு சொட்டு விட்டா..."

"ஏன் நாலு? அத யாரு அங்கீகரிச்ச?"

உடனே முன் அறையில் கதிரைகள் போடப்பட்டு, வீட்டார் எல்லாரும் பாதுகாப்புச் சபையாகக் கூடினார்கள். கமீலாவுக்குத் தலையிடி, முபாறக்குக்குத் தலைமை. சபைக்குத் தேத்தண்ணி போடும் பொறுப்பு ஏகமனதாகக் கமீலாவிடமே ஒப்படைக்கப்பட்டது. அவள் சீனி போட மறந்துபோனாள். சபை அதைப் 'பாரதூரமான கவலையுடன்' கவனத்தில் எடுத்தது.

"எண்ணெயக் குடிக்கலாமா?" என்று நஸீம் கேட்டான்.

"கூடவே கூடாது."

"நெத்தியில அப்பிடியே பூசினா?"

"தோல் எரியும். தேங்காயெண்ணெயில கலக்காமப் பூசப்படாது. கண்ணுல பட்டா, உனக்குக் கடலே தெரியாது."

நஸீம் தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பின்னர் தீர்மானங்கள் பிறந்தன. யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இந்த வாசம் மூச்சை அடைக்கும். ஆகவே நஸீமின் குழந்தையும் அதன் தாய் ஹஃபீலாவும் உடனே வெளியேற வேண்டும். பூனைக்கும் ஆகாது, அதை வெளியேற்ற நஸீம் நியமிக்கப்பட்டான். பூனை அலுமாரிக்கு மேலே ஏறி எதிர்ப்புத் தெரிவித்தது. பேச்சுவார்த்தை பயனளிக்காததால் பொரித்த மீன் வழங்கப்பட்டது.

"மூச்சு இழுப்பு உள்ளவங்களும் உள்ளுக்கு இருக்கப்படாது!" என்று முபாறக் முழங்கினார்.

"நானா, இழுப்பு உங்களுக்குத்தானே?" என்று நஸீம் அண்ணனுக்கு நினைவூட்டினான்.

தலைவர் தியாகத்துக்குத் தயங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தித் தன்னைத்தானே வெளியேற்றிக்கொண்டார்.

சபை முழுவதும் கடற்கரையில் ஒன்றுகூடியது. தலைவர் ஆட்களை எண்ணினார். பூனையோடு கணக்குச் சரி. பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தலைக்கவசத்தைக் கண்டு, சுனாமியோ என்று பயந்து கரையேறிவிட்டார்.

வீட்டுக்குள் காற்று மட்டும் வந்து போனது. கமீலா பாயில் சாய்ந்தாள். 'தேத்தண்ணி' என்று ஒரு குரலும் இல்லை. பிள்ளை அழவில்லை. யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தூங்கிப்போனாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சபை திரும்பி வந்தது. தட்டோ தட்டென்று தட்டியபின் கமீலா கதவைத் திறந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"தலையிடி?"

"போயிட்டு."

"பாத்தியா! பாதுகாப்பாப் பாவிச்சா அந்த எண்ணெய் எப்பிடி வேல செய்யுது!" முபாறக் பூரித்துப்போனார். "கடைசியா எத்தன சொட்டு விட்ட?"

"போத்தல நான் தொறக்கவே இல்ல" என்றாள் கமீலா. "நீங்க எல்லாரும் போன பொறகு, கதவத்தான் பூட்டினேன்."