கல்வெட்டுக்குள் அடங்கிய பள்ளிக்கூடம்

பஹ்ரைன் வெயிலை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் அக்கா மகன் பெஞ்சமினுக்கு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தூணும் உன் தாய்மாமனுமாகிய ஏசுதாஸ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மனிதர்கள் சுகம். ஆடுகள் அதைவிடச் சுகம்.

உன் மகள் பொன்னியின் பள்ளிக்கூடத்துக்கு மதில் இல்லாமல், ஊர் ஆடுகளெல்லாம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கிடா அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தைத் தின்றுவிட்டு ரிப்பனுக்கும் வாய் வைத்தது. அன்றிலிருந்து, "ஆடு கீற ஸ்கூலுக்கு நான் போமாட்டேன்" என்று குழந்தை கட்டிலுக்கடியில் குடியேற, உன் மனைவி சிநேகா, "மதிலு வரலன்னா செங்கல்பட்டு பிரைவேட் ஸ்கூல்தான் மாமா" என்று கெடு வைக்க, நான் மார்பில் தட்டி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உடனே ஊராட்சி மன்றமும் பள்ளிக் குழுவும் சேர்ந்து கூட்டம் போட்டோம். மதில் கட்டும் தீர்மானம் டீ ஆறுவதற்குள் நிறைவேறியது. அதில் பதிக்கப்போகும் கல்வெட்டில் யார் பெயர் எங்கே என்பதில்தான் உலக யுத்தம் மூண்டது. தலைவர் விஜயகுமாரியின் பெயர் உச்சியில் என்றதும் வார்டு உறுப்பினர் செங்கல்வராயன் எழுந்து, "இன்னா தலைவரே, என் பேரு அடியில கீது? நாய் வந்து காலைத் தூக்கினா யாரு மேல படும்?" என்றார். நியாயமான கேள்வி, தலைவர் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து, யாரும் யாருக்கும் கீழே வராமல் எல்லாப் பெயரும் ஒரே வரியில் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். கைதட்டலில் முட்டுக்காட்டுப் படகுகள் ஆடியதாகக் கேள்வி. அப்புறம் அவரவர் பட்டம், தகப்பனார் பெயர், தகப்பனாரின் பட்டம் என்று வரி நீண்டது, ஈ.சி.ஆர். பஸ்ஸிலிருந்து தெரியவேண்டும் என்று எழுத்து ஆளுயரம் வளர்ந்தது. மாமல்லபுரம் சிற்பி உலகநாதன் அளவைக் கேட்டு, "அண்ணாத்த, கல்வெட்டு கேக்கிறியா, மலை கேக்கிறியா?" என்றார்.

லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியபோது மதில் பணம் மொத்தமும் கல்வெட்டுக்கே போயிருந்தது. கல்வெட்டு இருக்கிறது, பதிக்க மதில் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். தலைமையாசிரியை ரூத் டீச்சர்தான் மெதுவாக, "சார், இந்தக் கல்லையே சுத்தி நிக்க வெச்சிட்டா?" என்றார். அந்த யோசனை என்னுடையதுதான் என்று உடனே கண்டுகொண்டேன். நட்டோம். செங்கல்வராயனுக்கும் அவருடைய பட்டத்துக்கும் நடுவில் கேட் போட்டோம். ஆடுகள் வந்தன, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தன, வெட்கப்பட்டுத் திரும்பின. நேற்று பொன்னி இரட்டை ரிப்பனோடு பள்ளிக்கூடம் போனாள். திறப்பு விழாவுக்கு நீ விமானம் ஏறி வந்தே ஆகவேண்டும்.

உன் கைக்கும் பைக்கும் கர்த்தர் காவலிருப்பாராக.

இப்படிக்கு,
மதில் தந்த மாமன்,
ஏசுதாஸ்

பி.கு.: டிக்கெட் போடாதே. கடிதத்தை ஒட்டும் முன்பே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் விதிப்படி பதவியில் இருப்பவர் பெயர் எதுவும் கண்ணில் படக்கூடாதாம். மூடுவதற்குத் துணி போதாமல், அதிகாரிகள் கல்லையெல்லாம் பெயர்த்துக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆடுகள் இப்போது காலில் சேறு படாமல் கருங்கல் பாதையில் வகுப்புக்கு வருகின்றன. சிநேகா செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டாள். நான் எங்கே என்று அவள் கேட்டால், செய்யூரில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறேன் என்று சொல். யார் சாவு என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.